வீட்டை விற்க வந்தவர் என்று நினைத்திருப்பார்கள்

கேள்வி:

யாழ்ப்பாணம் உரும்பிராயில் பிறந்தேன். 1995 இடப்பெயர்வின்போது எனக்கு ஏழு வயது. கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு என்று அலைந்து கடைசியில் கனடா வந்து சேர்ந்தோம். வளர்ந்தது ஸ்காபரோவில். கலியாண வீடு, சாமத்திய வீடு படமெடுப்பதுதான் வருமானம். 'என் அடையாளம்' என்று ஒரு தொடர் செய்யலாம் என்று இரண்டு தடவை ஊருக்குப் போய் வந்தேன். எடுத்ததெல்லாம் சுற்றுலா வந்தவர் எடுத்த படங்கள்போல இருக்கின்றன. எங்கள் வீட்டில் இப்போது வசாவிளானில் இருந்து வந்த குடும்பம் ஒன்று இருக்கிறது. அதனால் வீட்டையும் சரியாக எடுக்க முடியவில்லை. இங்குள்ள ஒரு காட்சிக்கூடத்தார் போரின் தடயங்கள் இன்னும் வேண்டும் என்கிறார்கள். அப்பாவோ, "உடைஞ்ச வீட்டை ஏன் ஊருலகத்துக்குக் காட்டுறாய்?" என்கிறார். அங்கே நான் வெளிநாட்டுக்காரன், இங்கே இலங்கைக்காரன். மூன்றாம் தடவை போக உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். போகலாமா? போனால் எதை எடுப்பது? படங்களை இணைத்திருக்கிறேன்.

— ஸ்காபரோ வாசகர்

பதில்:

தம்பி, படங்களைப் பார்த்தேன். தொழில் தெரிந்த கை என்பது முதல் படத்திலேயே தெரிகிறது. வெளிச்சம் பிசகவில்லை, எங்கும் எதுவும் சாயவில்லை. நல்லூர்க் கோபுரம், பனங்கூடலுக்குப் பின்னால் இறங்கும் சூரியன், சன்னம் துளைத்த மதில், சைக்கிளில் போகும் ஐயா, சுருக்கம் விழுந்த ஒரு ஆச்சியின் கை. யாழ்ப்பாணத்துக்கு ஒரு கிழமை வந்து போகிற எவரும் இந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவார்கள். உங்களுக்கு வந்த சலிப்பு நியாயமானது.

அநேகமானவற்றை, தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுத்துக் காட்டும் 70-200 லென்ஸில், றோட்டின் மற்றக் கரையில் நின்று எடுத்திருக்கிறீர்கள். கலியாண மண்டபத்தில் ஐயரின் கண்ணில் படாமல், சொந்தக்காரருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒதுங்கி நின்று எடுத்துப் பழகியவருக்கு அது இயல்பு. மண்டபத்தில் அது நல்ல பழக்கம். ஒழுங்கையில் அது ஒளித்து நின்று எடுப்பதாகிவிடுகிறது. அனுப்பிய படங்களில் ஒருவரும் உங்களைப் பார்க்கவில்லை.

ஒருவரைத் தவிர. அது உங்கள் வீட்டுப் படம். நீங்கள் குறிவைத்தது விறாந்தைத் தூணையும் அதற்கு மேலே கழன்று கிடக்கும் ஓடுகளையும். வலது ஓரத்தில், கொடியில் காய்கிற உடுப்புகளுக்கு நடுவே ஒரு பெண் நிற்கிறார். கையில் பாதி மடித்த வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை. நேரே கமராவைப் பார்க்கிறார். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. கோப்பின் பெயரில் 'வேண்டாம்' என்று போட்டு வைத்திருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தது அதைத்தான்.

அந்தப் பெண் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தீர்களா? வெளிநாட்டில் இருந்து ஒருவர் வருகிறார். விலைகூடிய கமரா. வீட்டை முன்னாலும் எடுக்கிறார், பின்னாலும் எடுக்கிறார். கிணற்றை எடுக்கிறார், எல்லை மதிலை எடுக்கிறார். எங்கள் ஊரில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: காணி விலைப்படப் போகிறது, புரோக்கருக்கு வட்ஸப்பில் அனுப்பப் படம் எடுக்கிறார்கள். நீங்கள் உங்கள் குழந்தைப் பருவத்தைத் தேடி லென்ஸைத் திருகிக்கொண்டு நின்ற நேரத்தில், அவர் அடுத்து எங்கே வாடகைக்கு வீடு பார்ப்பது, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டிருப்பார். நீங்கள் வந்து போனபிறகு அந்த வீட்டில் எத்தனை இரவு அதே பேச்சாக இருந்திருக்கும்!

வசாவிளானில் இருந்து வந்தவர்கள் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அது. வசாவிளான் இருக்கும் வலிகாமம் வடக்குச் சனம் 1990 யூனில் இடம்பெயர்ந்தது. பலாலி விமானத்தளத்தைச் சுற்றிய அவர்களுடைய வீடு, தோட்டம், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் ஆகின. போர் முடிந்த பிறகு காணிகளைப் பகுதி பகுதியாக விட்டார்கள். இன்னமும் எல்லாம் விடப்படவில்லை. உங்களுக்கு ஐந்து வருடம் முந்தி இடம்பெயர்ந்தவர்கள் அவர்கள். உரும்பிராயில் இருந்து வசாவிளானுக்குச் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. நீங்கள் ரொறன்ரோவில் இருந்து விமானம் ஏறி உங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நிற்க முடிந்தது. அவர்களில் பலருக்கு அந்தச் சைக்கிள் தூரத்தைக் கடக்க இருபது, இருபத்தைந்து வருடம் பிடித்தது. கடந்து போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடு. எந்தக் கிணறு தங்களுடையது என்றுகூடத் தடுமாறியவர்கள் உண்டு.

ஆகவே அவர்கள் உங்கள் படத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை. உங்களுடைய அதே கதையை, காசும் கடவுச்சீட்டும் இல்லாமல் வாழ்ந்தவர்கள் அவர்கள். மூன்றாம் தடவை போங்கள். ஆனால் 'எனது வீடு' என்பதை எடுக்கப் போகாதீர்கள். இரண்டு குடும்பம் தங்களுடையது என்று நினைக்கிற, இரண்டு குடும்பத்தாலும் நிம்மதியாக இருக்க முடியாத ஒரு வீட்டை எடுக்கப் போங்கள். அதற்குள் உங்கள் அடையாளம் தானாக வரும். வராவிட்டாலும் குறைவில்லை.

சொந்த நாட்டை விட்டுப்போய்க் கமராவோடு திரும்பியவர்கள் நிறையப் பேர். மூவரை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மூவரும் திரும்பிப்போய்ச் செய்தது வெவ்வேறு.

ஆன்-மை லே 1960இல் சைகோனில் பிறந்தவர். 1975இல் குடும்பத்தோடு வெளியேறி அமெரிக்கா போனார். 1994இல்தான் வியட்நாமுக்குத் திரும்பினார். அவர் கொண்டுபோனது முக்காலியில் வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கிற பெரிய வடிவக் கமரா. அதை வைத்துக்கொண்டு ஒருவரும் ஒளித்து நின்று எடுக்க முடியாது. பொருத்தி முடிப்பதற்குள் ஊரே வந்து சுற்றி நின்றுவிடும். அவருடைய கறுப்பு-வெள்ளைப் படங்களில் போரின் எச்சங்களைக் காட்டும் அவசரம் இல்லை. வயல், ஆறு, தூரத்தில் சிறிதாக மனிதர்கள். கனடாக் காட்சிக்கூடத்தார் உங்களிடம் கேட்பதை அவரும் எடுத்திருக்கலாம், சந்தையும் இருந்திருக்கும்.

டின் கியூ லேயும் வியட்நாமில் பிறந்தவர்தான், கம்போடிய எல்லைக்குப் பக்கத்தில். 1978இல் சிறுவனாகக் குடும்பத்தோடு தப்பி, அமெரிக்காவில் வளர்ந்து, தொண்ணூறுகளில் திரும்பி அங்கேயே குடியேறினார். 2024இல் காலமானார். தப்பும்போது குடும்பப் படங்களை விட்டுவிட்டுத்தான் போனார்கள். சைகோனின் பழைய சாமான் கடைகளில் யார் யாருடையதோ குடும்பப் படங்கள் குவியல் குவியலாக விற்பனைக்கு வரும். தன்னுடைய வீட்டுப் படங்கள் என்றாவது அதற்குள் அகப்படும் என்று வாங்கத் தொடங்கினார். அகப்படவில்லை. அந்நியர்களின் ஆயிரக்கணக்கான படங்களை நூலால் தைத்து, பெரிய திரைபோலத் தொங்கவிட்டார். சிறுவயதில் அத்தையிடம் பாய் பின்னப் பழகியவர். படங்களையே கீலம் கீலமாக வெட்டிப் பாய்போலவும் பின்னினார். கமராவைத் தொடாமலே ஒரு படப்பிடிப்பாளர் தன் ஊருக்குத் திரும்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மூன்றாமவர் செக் நாட்டு யோசெப் கூடெல்கா. 1970இல் வெளியேறியவர் 1990இல் திரும்பினார். ஊருக்குப் போய் அவர் எடுத்தது தன் வீட்டையோ பழைய நண்பர்களையோ இல்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் தின்று தீர்த்த வடக்குப் பொகேமியாவின் நிலத்தை எடுத்தார், அகலச் சட்டகத்தில், கிட்டத்தட்ட ஆட்களே இல்லாமல். தான் இல்லாத காலத்தில் நாட்டுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் நீங்கள் இல்லாத காலத்தில் என்ன நடந்தது? சன்னம் பட்ட மதில் உங்கள் காலத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு வந்தது வெளிநாட்டுக் காசில் எழும்பிய மாடிவீடு. கீழே ஒரு அறையில் வயதுபோன அம்மா, அல்லது வீடு பார்க்க வைத்த ஒருவர். மேல்மாடி பூட்டுப் போட்டபடி. கட்டிலில் மெத்தையின் பிளாஸ்ரிக் உறைகூடப் பிரிக்கவில்லை. வருடத்தில் ஒரு மாதம், நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் அங்கே லைற் எரியும். உங்கள் ஒழுங்கையிலும் இரண்டு இருக்கிறது, சைக்கிள் ஐயாவுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிகிறது. அதைத் தெளிவாக எடுத்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும்.

ஊருக்குத் திரும்புவது என்று பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது உங்கள் வீட்டில் வருடாவருடம் பேசப்படும். சரியாக ஐந்து வருடத்துக்கு முன்பு, 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். புத்தளத்தில் வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளும் உங்களைப் போலவே, தங்கள் சனம் வாழ்ந்த சோனகத் தெருவில் போய் நின்று 'இதுதானா எங்கட வீடு' என்று பார்த்திருக்கிறார்கள். உங்கள் தொடரில் அது வரவேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு பின்னேரம் கமரா இல்லாமல் அந்தத் தெருவில் நடந்துவிட்டு வாருங்கள்.

அப்புறம், நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு விஷயம். 'வருமானத்துக்கு' என்று ஒதுக்கி வைத்த உங்கள் ஹார்ட் டிஸ்குகள். எத்தனை வருடத்து ஸ்காபரோ மண்டபங்கள் அதற்குள் இருக்கும்! பிளாஸ்ரிக் வாழைமரம், தெர்மோகோலில் செய்த கோபுரம், பனி கொட்டும் வாகனத் தரிப்பிடத்தில் கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சப்பாத்தோடு ஓடுகிற மணமகள். வாசலில் ஒரு மேசை, அதில் மாலை போட்ட அப்பப்பா, அப்பம்மா படங்கள். அந்தப் படங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பாதிக்குமேல் அடையாள அட்டையில் இருந்தோ வேறொரு கலியாணக் குழுப்படத்தில் இருந்தோ வெட்டிப் பெருப்பித்தவை. தோளில் பக்கத்தில் நின்றவரின் கை ஒன்று தனியாக மிஞ்சியிருக்கும். பின்னணிக்கு ஸ்ரூடியோக்காரர் நீலம் பூசியிருப்பார். அல்பங்களை மண்ணுக்குள் புதைத்துவிட்டும், கறையானுக்குக் கொடுத்துவிட்டும் வந்த சனத்திடம் மிஞ்சிய முகங்கள் அவை. வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்த மேசைகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். உரும்பிராய்ப் படங்களுக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும். உங்கள் பயணம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் தொடங்குவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். படங்களைப் பொறுத்தவரை அது ஸ்காபரோவில் எப்போதோ தொடங்கிவிட்டது.

சரி, போவது பற்றி. ஓகஸ்டில் போகாதீர்கள். நல்லூர்த் திருவிழா நேரம் பாதி யாழ்ப்பாணம் உங்களைப் போன்றவர்கள்தான், ஆளுக்கொரு கமரா. தை, மாசியில் போங்கள். மாரிமழை விட்டிருக்கும், காலை வெயில் சாய்ந்து விழும், செம்பாட்டுத் தோட்டங்களில் வேலை நடக்கும். குறைந்தது ஆறு கிழமை தங்கப் பாருங்கள், விடுதியில் இல்லாமல் உங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து. 70-200ஐ வீட்டில் வைத்துவிட்டு ஒரு 35 மில்லிமீற்றர் மட்டும் கொண்டுபோங்கள். அதற்கு ஆளுக்குக் கிட்டப் போக வேண்டும், கிட்டப் போனால் கதைக்க வேண்டும். உங்கள் தமிழைக் கேட்டுச் சின்னப்பிள்ளைகள் சிரிக்கும். சிரிக்கட்டும், அதுவும் ஒரு அறிமுகம்தான். அரைக் காற்சட்டையும் கையில் தண்ணீர்ப் போத்தலுமாக நீங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே, கனடாவா லண்டனா என்பதில் மட்டும்தான் அவர்களுக்குச் சந்தேகம்.

முதல் கிழமை அவர்கள் விரும்புகிற படத்தை எடுத்துக் கொடுங்கள். நேராக நின்று, முழு உருவம், தலை இழுத்து, நல்ல சட்டை போட்டு. யாழ்ப்பாணத்திலேயே பிரின்ற் போட்டுக் கையில் கொடுங்கள், போனுக்கு அனுப்புவதோடு விட்டுவிடாதீர்கள். அந்தப் பிரின்ற் சுவரில் ஏறிய பிறகு, உடுப்புக் காயப்போடும்போது நீங்கள் பக்கத்தில் நின்று எடுத்தால் ஒருவரும் விறைத்துப்போய்ப் பார்க்க மாட்டார்கள். சூசன் மைசலஸ் என்ற அமெரிக்கப் படப்பிடிப்பாளர் 1978, 79இல் நிக்கராகுவாவின் எழுச்சியை எடுத்தவர். 2004இல் அதே படங்களைப் பெரிய துணிகளில் அச்சிட்டுக் கொண்டுபோய், எடுத்த இடங்களிலேயே கட்டித் தொங்கவிட்டார். போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துக் கதைத்தார்கள். உங்கள் கண்காட்சி ரொறன்ரோவில் திறப்பதற்கு முன்பு உரும்பிராயில் ஒரு வேலியில் திறக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆபத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முகாம், சோதனைச்சாவடி பக்கம் கமராவைத் தூக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவருவதென்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், என்னைக் கேட்டால் கொண்டுவரவே வேண்டாம். இதைவிடப் பெரியது மற்றவர்களின் பாதுகாப்பு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்கள் 2017 பெப்ரவரியில் இருந்து தெருவோரம் இருந்து போராடியவர்கள். அவர்களுடைய பந்தலுக்கு எதிரில் நின்று படமெடுப்பவர்கள் எல்லோரும் பத்திரிகைக்காரர் இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். படம் வெளிவரும்போது நீங்கள் ஸ்காபரோவில் இருப்பீர்கள். வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கப்படுபவர் படத்தில் இருக்கும் அந்த அம்மாவாக இருப்பார். கூடெல்கா 1968இல் சோவியத் டாங்கிகளைப் பிராகாத் தெருக்களில் எடுத்த படங்கள் அடுத்த வருடம் உலகமெல்லாம் வந்தபோது அவருடைய பெயர் இல்லை, 'பி.பி.' (பிராகாப் படப்பிடிப்பாளர்) என்ற முதலெழுத்துகள் மட்டும்தான். ஊரில் குடும்பம் இருந்தது. தகப்பன் இறந்த பிறகு, 1984இல்தான் அவை தன்னுடையவை என்று வெளிப்படையாகச் சொன்னார். யாருடைய பெயரைப் போடலாம், எந்த முகத்தைக் காட்டலாம் என்பதை அங்கேயே, அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

காட்சிக்கூடத்துக்கு என்ன சொல்வது? மறுத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். இருபது மதிலில் பத்தொன்பதுக்குப் பெயின்ற் அடித்தாகிவிட்டது, மிஞ்சிய ஒன்றை மட்டும் எடுத்தால் பொய் சொன்னதாகிவிடும் என்று எழுதுங்கள். வசாவிளான் குடும்பத்தின் கதையைவிடப் பெரிய போர்த்தடயம் வேறு என்ன வேண்டுமாம்?

அப்பா சொன்னதை நீங்கள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள்போலத் தெரிகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. அவர் கட்டின வீடு. அது எந்தக் கோலத்தில் வெளியே தெரியலாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. வீட்டுப் படங்களைத் தபாலட்டை அளவில் பிரின்ற் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முன்னால் பரப்பி வையுங்கள். கமராவை எடுக்காதீர்கள். போனில் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள், அதுவும் அவரிடம் சொல்லிவிட்டு. படத்தில் இல்லாததைத்தான் அவர் காட்டத் தொடங்குவார். இதில் பலா நின்றது, இந்த மூலையில் மாட்டுக்கொட்டில், இந்தத் தூணுக்குக் கொங்கிரீற் போட்ட அன்றைக்குத்தான் நீ பிறந்தாய், அப்படி ஏதாவது. பேனையைக் கொடுத்துப் பிரின்ற்றுகளின் மேலேயே கீறச் சொல்லுங்கள். அந்தக் கீறல் விழுந்த பிரின்ற்றுகள் உங்கள் தொடரில் போகலாம், அவர் சம்மதித்தால்.

அதே நாள் அவரிடம் வெளிப்படையாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: காணியை விற்கப் போகிறாரா, இல்லையா? காணி உறுதி யார் பெயரில்? அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு காலம் இருக்கலாம் என்று சொல்லப்பட்டிருக்கிறது? இதற்குப் பதில் தெரியாமல் டிக்கற் போடாதீர்கள். விற்பதில்லை என்றால், போன அன்றே அந்தப் பெண்ணிடம் அதைச் சொல்லுங்கள். விற்பதென்றால் அதையும் சொல்லுங்கள், எப்போது என்பதோடு. கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும். அதன்பிறகு அவர் உங்களைப் படமெடுக்க விடாமலும் போகலாம். அப்போது வீடு இல்லாமல் தொடரைச் செய்யுங்கள். மண்டப மேசைகளும் அப்பாவின் கீறல்களும் பூட்டிய மேல்மாடிகளும் இருக்கின்றன, போதும்.

விண்ணப்பத்தில் 'அடையாளத்தைத் தேடி' என்று தொடங்கும் பந்தியை எடுத்துவிடுங்கள், தேர்வுக்குழுவினர் அப்படித் தொடங்கும் விண்ணப்பங்களை நிறையவே பார்த்திருப்பார்கள். உரும்பிராயில் ஒரு வீடு, அதற்கு இரண்டு குடும்பம், ஒன்று கனடாவில், ஒன்று வசாவிளானுக்குப் போக முடியாமல், என்று நாலு வரியில் எழுதுங்கள். மாதிரிப் படங்களில் கோபுரம், சூரியன், ஆச்சியின் கை மூன்றும் வேண்டாம். சைக்கிள் ஐயாவை வைத்திருக்கலாம், பின்னால் இருக்கிற மாடிவீட்டுக்காக. மண்டப மேசைகளில் நாலைந்து சேருங்கள். கொடியடியில் நிற்கும் அந்தப் பெண்ணின் படத்தை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அவரிடம் கேட்கவில்லையே.